நிற்கத் தெரிந்த வண்டி: வெள்ள எச்சரிக்கை நாளில் பள்ளிப் பேருந்து

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. தாமிரபரணிக் கரையில் அந்த மழையைப் பற்றிப் பேச்சு எழுந்தால், காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் கொட்டிய 95 சென்டிமீட்டரைத்தான் முதலில் சொல்வார்கள். அடுத்து திருச்செந்தூரின் 69. பள்ளி நடத்துகிறவர்கள் இந்த எண்களோடு கிழமையையும் சேர்த்து நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஞாயிறு என்பதால் பள்ளி வண்டிகள் ஓடவில்லை. திங்களன்று திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி, கன்னியாகுமரி என நான்கு மாவட்டங்களுக்கும் விடுமுறை. அதே மழை ஒரு புதன்கிழமை மதியம் வலுத்திருந்தால்? பாளையங்கோட்டைப் பள்ளிகளிலிருந்து செய்துங்கநல்லூருக்கும் மூலைக்கரைப்பட்டிக்கும், சேரன்மகாதேவிக்கும் முக்கூடலுக்கும் மாலை நான்கரை மணிக்குப் புறப்படும் மஞ்சள் வண்டிகள் எல்லாம் அப்போது வழியில் இருந்திருக்கும்.

அந்த இரவில் பள்ளி வண்டி வழியில் இல்லை. ஆனால் ஒரு ரயில் இருந்தது. திருச்செந்தூரிலிருந்து சென்னை எழும்பூருக்குப் புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ், சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டம் வந்து சேர்ந்தது. அதற்கு அப்பால் செய்துங்கநல்லூர் வரையிலான பாதையில் தண்டவாளத்தின் அடியிலிருந்த ஜல்லியை வெள்ளம் அரித்துக்கொண்டு போயிருந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் வண்டியை மேலே விடாமல் நிறுத்திவைத்தார். ஏறத்தாழ 300 பேரை அருகிலிருந்த பள்ளிக்கூடத்துக்கு மாற்றினார்கள். அதற்குள் சாலையும் துண்டித்துப்போக, மீதி 500 பேர் ரயிலிலும் நிலையத்திலுமாகத் தங்கினார்கள். பக்கத்திலுள்ள புதுக்குடி மக்கள் தங்கள் வீடுகளே ஈரமாகிக் கிடந்த நிலையிலும் அவர்களுக்குச் சமைத்துப் போட்டார்கள். 19ஆம் தேதி ஹெலிகாப்டரில் உணவுப் பொட்டலங்கள் வந்தன. தேசியப் பேரிடர் மீட்புப் படையினர் வந்தார்கள். வாஞ்சி மணியாச்சியிலிருந்து சிறப்பு ரயிலில் பயணிகள் சென்னைக்குப் போனார்கள். பசியும் குளிரும் இருட்டும் பயமும் நிறைய இருந்தன. அத்தனை பேரும் உயிரோடு ஊர் போய்ச் சேர்ந்தார்கள்.

பள்ளிப் பேருந்துக்கு இதைவிட நல்ல பாடம் வேறு தேட வேண்டியதில்லை. ரயில்வேயில், பாதை சரியில்லை என்று தெரிந்தால் வண்டியை நிறுத்தும் பொறுப்பு ஒருவருக்கு உண்டு. 800 பேரின் அவசரமும் சேர்ந்து நெருக்கினாலும் அவர் பச்சை சிக்னல் போட வேண்டியதில்லை. பள்ளி வண்டியில் அந்தப் பொறுப்பு யாருடையது? ஓட்டுநரிடம் கேட்டால் மேலாளர் என்பார், மேலாளர் முதல்வர் என்பார், முதல்வர் தாளாளர் என்பார். இதற்கிடையே ஓட்டுநரின் கைப்பேசி ஓயாமல் அடிக்கும். "அண்ணாச்சி, பாலத்துல தண்ணி கொஞ்சந்தான் போகுது. இப்பத்தான் ஒரு டிராக்டர் தாண்டிச்சு. மெதுவா வந்திருங்க, பிள்ள பசியோட இருப்பான்." பிள்ளைப் பாசத்தில் ஒரு தகப்பன் சொல்லும் இந்த வார்த்தைக்கு, மாதச் சம்பளம் வாங்கும் ஓட்டுநரால் தனியாளாக மறுப்புச் சொல்ல முடியாது. அவருக்குப் பின்னால் ஒரு காகிதம் இருக்க வேண்டும்.

அந்தக் காகிதம் நீளமாக இருக்கத் தேவையில்லை. சாலைக்குக் குறுக்கே தண்ணீர் ஓடினாலோ, முன்னால் உள்ள தார் கண்ணுக்குத் தெரியாவிட்டாலோ, வண்டியை நிறுத்தும் முடிவு ஓட்டுநருடையது. பள்ளியில் யாரும், பெற்றோர் யாரும் அவரை மேலே போகச் சொல்லக் கூடாது. நிறுத்தியதற்காகச் சம்பளப் பிடித்தமோ விளக்கக் கடிதமோ கிடையாது. இந்த மூன்று வரியில் தாளாளரின் கையெழுத்தும் பள்ளி முத்திரையும் போட்டு ஒவ்வொரு வண்டியிலும் ஒட்டிவிட்டால், பாதி வேலை முடிந்தது.

தமிழ்நாட்டில் பள்ளிப் பேருந்துக்கென்று தனி விதிகள் வந்ததே ஒரு குழந்தையின் சாவுக்குப் பிறகுதான். 2012 ஜூலையில் தாம்பரம் அருகே, வண்டியின் தரையில் இருந்த ஓட்டை வழியாக இரண்டாம் வகுப்புச் சிறுமி கீழே விழுந்து இறந்தாள். சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது; அதே ஆண்டு சிறப்பு விதிகள் வெளியாயின. ஆண்டுதோறும் கோடை விடுமுறையில் போக்குவரத்து, வருவாய், காவல், கல்வித் துறையினர் ஆயுதப்படை மைதானங்களில் வண்டிகளை வரிசையாக நிறுத்தி அவசர வழி, தரைத்தகடு, தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி என்று பார்ப்பது இதனால்தான். அவர்கள் பார்ப்பது வண்டியை. வண்டி போகும் வழியில் எங்கெல்லாம் தண்ணீர் ஏறும் என்று பார்க்க வேண்டியது பள்ளி.

இங்கே ஒரு விலகல் தேவைப்படுகிறது. பள்ளிப் பேருந்தின் வானிலைப் பாதுகாப்பு பற்றி இணையத்தில் தேடினால் அமெரிக்கக் கையேடுகள்தான் முதலில் வந்து விழும். அவை பெரும்பாலும் டொர்னாடோ எனப்படும் சுழல்காற்றை மனதில் வைத்து எழுதப்பட்டவை. அந்நாட்டு அனுபவம் கொடியது. 1979 ஏப்ரல் 10 அன்று டெக்சாஸ் மாநிலத்தின் விசிட்டா ஃபால்ஸ் நகரைச் சுழல்காற்று தாக்கியபோது அந்நகரில் இறந்த 42 பேரில் 25 பேர் வாகனங்களில் இருந்தவர்கள். காரில் ஏறித் தப்பிவிடலாம் என்று வீட்டைவிட்டுக் கிளம்பியவர்கள் அதில் பலர். அதனால் அங்கே விதி: காற்றோடு பந்தயம் போடாதே, பக்கத்துக் கட்டடத்துக்குள் போ, கட்டடமே இல்லையென்றால் வண்டியைவிட்டு விலகிப் பள்ளத்தில் குப்புறப் படுத்துத் தலையை மூடிக்கொள். சுழல்காற்று இந்தியாவுக்குப் புதிதல்ல. 2024 மார்ச் 31 அன்று மேற்கு வங்கத்தின் மைனாகுரிப் பக்கம் சில நிமிடங்களில் வீடுகள் பறந்தன, உயிர்கள் போயின. ஆனால் திருநெல்வேலியில் அடைமழை நாளில் சாலையோரப் பள்ளத்தில் பிள்ளைகளைப் படுக்கச் சொன்னால், அந்தப் பள்ளத்துக்குத்தான் தண்ணீர் முதலில் வரும். காற்றோடு பந்தயம் போடாதே, கட்டடத்துக்குள் போ என்ற முதல் இரண்டையும் எடுத்துக்கொள்ளலாம். மூன்றாவது இந்த மண்ணுக்கு ஆகாது. இங்கே பிள்ளைகளைக் கூட்டிப்போக வேண்டியது மேட்டுக்கு.

வானிலை மையத்தின் எச்சரிக்கையைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு நாளில் ஆறரை சென்டிமீட்டரிலிருந்து பதினொன்றரை வரை பெய்தால் கனமழை. அதற்கு மேல் 20.4 வரை மிக கனமழை. அதையும் தாண்டினால் அதி கனமழை. மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும், ஆரஞ்சு என்றால் தயாராக வேண்டும், சிவப்பு என்றால் செயலில் இறங்க வேண்டும். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அதி கனமழைக்கு மேல் எல்லை கிடையாது. 21 சென்டிமீட்டருக்கும் அதே பெயர்தான், காயல்பட்டினத்தின் 95க்கும் அதே பெயர்தான். 2023 மழைக்குப் பிறகு முன்னறிவிப்பின் நேரத்தையும் அளவையும் பற்றி மாநில அரசும் வானிலை மையமும் வெளிப்படையாகவே வாதிட்டன. பள்ளி அந்த வாதத்தில் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. காலையிலேயே சிவப்பு என்று வந்துவிட்டால் எவ்வளவு பெய்யும் என்று கணக்குப் போடாமல், எந்த வண்டியையும் எடுக்காமல் இருந்தால் போதும். ஆட்சியரின் விடுமுறை அறிவிப்பு வர ஏழு மணி ஆகலாம். முதல் நடை வண்டி ஆறரைக்கே கிளம்பிவிடும். அந்த அரை மணி நேர இடைவெளிக்குப் பள்ளி முதல்வரே பொறுப்பு.

இன்னொரு விஷயம், மழையளவு கணக்கெடுக்கும் நேரம். நாளிதழில் வரும் அளவு காலை எட்டரை மணி வரை பெய்தது. இரவு முழுக்கக் கொட்டியது அதிகாரபூர்வ எண்ணாக வெளிவரும்போது பிள்ளைகள் வகுப்பில் இருப்பார்கள். பள்ளி வளாகத்தில் திறந்த வெளியில் ஒரு சாதாரண மழைமானி வைத்து, இரவுக் காவலர் ஐந்து மணிக்கு அளவைச் சொல்லும்படி செய்தால் கையில் சொந்தத் தகவல் இருக்கும். மூலைக்கரைப்பட்டியிலும் செய்துங்கநல்லூரிலும் குடியிருக்கும் ஆசிரியர்கள் தங்கள் ஊர் நிலவரத்தையும் அதே நேரத்தில் சொல்லலாம். பாளையங்கோட்டையில் தூறலாக இருக்கும்போதே ஐந்து மைலுக்கு அப்பால் ஓடை நிரம்பி ஓடக்கூடும்.

மலையில் பெய்வது கீழே தெரியாது என்பதற்கு 2024 மே 17ஐச் சொன்னால் போதும். பழைய குற்றால அருவியில் திடீரென்று வெள்ளம் பெருகி, குளித்துக்கொண்டிருந்தவர்கள் சிதறி ஓடினார்கள். திருநெல்வேலியைச் சேர்ந்த 17 வயது மாணவர் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார். பொதிகையில் பிறந்து புன்னைக்காயல் அருகே கடலில் கலக்கும் தாமிரபரணியின் நீளம் ஏறத்தாழ 128 கிலோமீட்டர்தான். சேர்வலாறு, மணிமுத்தாறு, கடனா நதி, பச்சையாறு, சிற்றாறு என்று வந்து சேரும் ஆறுகள் எல்லாம் மேற்கு மலைச் சரிவிலிருந்து விறுவிறுவென்று இறங்குபவை. பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு அணைகளில் தண்ணீர் திறந்தால் கரையோர மக்களுக்கு மாவட்ட நிர்வாகம் எச்சரிக்கை விடும். மாநகரத்துக்காரர்கள் குறுக்குத்துறை முருகன் கோயிலைப் பார்த்தே ஆற்றின் அளவைச் சொல்லிவிடுவார்கள். இந்த இரண்டும் நல்ல அடையாளங்கள்தாம். ஆனால் 2023இல் பெருமழை கொட்டியது அணைகளுக்குக் கீழே, சமவெளியிலும் கடற்கரையிலும். அணை பிடித்து நிறுத்த முடியாத தண்ணீர் அது. குளங்கள் நிரம்பி மறுகால் பாய்ந்தன, பல இடங்களில் கரை உடைந்தது, ஏரல் போன்ற ஊர்கள் துண்டிக்கப்பட்டன, திருச்செந்தூர் சாலையில் சில நாள் போக முடியவில்லை. ஆகவே ஆற்றைப் பார்ப்பவர்கள் குளத்தையும் பார்க்க வேண்டும். வண்டி போகும் வழியில் எந்தக் குளத்தின் மறுகால் சாலையைக் கடக்கிறது என்பது பள்ளிக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கொக்கிரகுளத்தில் 1843இல் திறக்கப்பட்ட சுலோசன முதலியார் பாலம் இன்றைக்கும் போக்குவரத்தைச் சுமக்கிறது. உயர்ந்த பாலங்கள் அவ்வளவு கவலை தருபவை அல்ல. கவலை தருபவை தரைப்பாலங்களும் ரயில்வே சுரங்கப்பாதைகளும்.

தரைப்பாலத்தில் ஓடும் தண்ணீரின் வலுவைக் கண்ணால் அளக்க முடியாது. அரை அடி வேக நீர் ஒரு பெரியவரைத் தள்ளிவிடும். ஓரடியில் சிறிய கார்கள் மிதக்கத் தொடங்கும். இரண்டடியில் பெரும்பாலான வாகனங்கள் இழுபட்டுப் போகும். பேருந்து கனமானது, அதற்கு ஒன்றும் ஆகாது என்ற நம்பிக்கை பலரிடம் இருக்கிறது. ஒன்பது மீட்டர் நீளமும் இரண்டரை மீட்டர் அகலமும் உள்ள வண்டியின் அடித்தளத்தைத் தண்ணீர் தொட்ட பிறகு, உள்ளே நீர் புகும் வரை, மட்டம் 10 சென்டிமீட்டர் ஏறும்போதெல்லாம் இரண்டு டன்னுக்கு மேல் எடையைத் தண்ணீரே தாங்கிக்கொள்ளும். டயர் தார்ச்சாலையைப் பற்றுவது வண்டியின் எடையால்தான். எடை குறையக் குறையப் பிடியும் விட்டுப்போகும். பக்கவாட்டில் வரும் வெள்ளத்துக்கு வண்டியின் முழு நீளமும் தடுப்பாக நிற்கும். இவை போதாதென்று, கலங்கல் நீருக்கு அடியில் சாலை இருக்கிறதா, அரித்துப் போயிற்றா என்பது ஓட்டுநருக்குத் தெரியாது. சற்று முன் டிராக்டர் தாண்டியது என்பதால் இப்போது பாலம் இருக்கிறது என்று ஆகிவிடாது. வேனிலும் ஆட்டோவிலும் போகும் பிள்ளைகளுக்கு இந்த எல்லைகள் இன்னும் கீழே.

சுரங்கப்பாதை வேறு விதமான பொறி. அங்கே நீர் ஓடாமல் தேங்கி நிற்கும், அமைதியாகத் தோன்றும், ஆழம் தெரியாது. 2021 செப்டம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் தொடையூர் ரயில்வே சுரங்கப்பாதையில் தேங்கிய மழைநீரில் கார் மூழ்கி ஒரு பெண் மருத்துவர் இறந்தார். 2022 ஜூலையில் தெலங்கானாவின் மகபூப்நகர் அருகே இதே போன்ற சுரங்கப்பாதையில் ஏறக்குறைய 30 பிள்ளைகளோடு ஒரு பள்ளிப் பேருந்து மாட்டிக்கொண்டது. ஊர்க்காரர்கள் தண்ணீரில் இறங்கி ஒவ்வொருவராகத் தூக்கிக் கரைசேர்த்தார்கள். இரண்டு சம்பவங்களிலும் வண்டி உள்ளே இறங்கிய பிறகுதான் ஆழம் தெரிந்தது. மழை நாளில் சுரங்கப்பாதை வழித்தடத்திலேயே இருக்கக் கூடாது. சுற்றுவழி பத்து கிலோமீட்டர் கூடினாலும் சுற்றியே போகட்டும். சுற்றுவழி இல்லாத ஊருக்கு அன்று வண்டி இல்லை என்று முந்தின நாளே சொல்லிவிடலாம்.

பிள்ளைகளைக் காப்பாற்றத்தான் கிளம்பினோம் என்ற எண்ணமே சில சமயம் ஆபத்தாக முடியும். 1987 ஜூலை 17 அன்று டெக்சாஸ் மாநிலத்தின் கம்ஃபர்ட் என்ற ஊருக்கு அருகே, குவாதலூப்பே ஆற்றில் வெள்ளம் வருகிறது என்று ஒரு முகாமிலிருந்து பிள்ளைகளைப் பேருந்திலும் வேனிலும் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். தாழ்வான பகுதியில் அந்த வண்டிகளை வெள்ளம் சூழ்ந்துகொண்டது. அவற்றில் இருந்த 43 பேரில் 33 பேர் மீட்கப்பட்டார்கள். 10 பதின்வயதினர் இறந்தார்கள். அதே ஆற்றில் 2025 ஜூலை 4 அன்று விடியலுக்கு முன் வந்த வெள்ளம், கரையோரத்தில் இருந்த கேம்ப் மிஸ்டிக் முகாமில் மாணவிகளும் பொறுப்பாளர்களுமாக 27 பேரைக் கொண்டுபோயிற்று. அவர்கள் முன்கூட்டியே எங்கும் கிளம்பவில்லை. தாழ்வான இடத்தில் உறங்கிக்கொண்டிருந்தார்கள். இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். நிற்பதோடு வேலை முடியாது. எங்கே நிற்பது என்பதை வெயில் காலத்திலேயே முடிவுசெய்து வைக்க வேண்டும்.

இதற்குத்தான் வழித்தட அட்டை. ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு தாள், இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் உறை போட்டது. ஒரு பக்கத்தில் பள்ளியிலிருந்து கடைசி நிறுத்தம் வரை தண்ணீர் குறுக்கிடும் எல்லா இடங்களும்: தரைப்பாலம், மறுகால் ஓடை, வாய்க்கால் பாலம், சுரங்கப்பாதை, தாழ்ந்த வயல்வெளிச் சாலை. மறுபக்கத்தில், அப்படியான ஒவ்வோர் இரண்டு இடங்களுக்கும் நடுவே, பிள்ளைகளை இறக்கி வைக்கக்கூடிய மேடான கட்டடம் ஒன்று. ஊராட்சிப் பள்ளி, தேவாலயம், பள்ளிவாசல், கல்யாண மண்டபம், கூட்டுறவுச் சங்கக் கட்டடம், எதுவாக இருந்தாலும் சரி. சாவி யாரிடம் இருக்கிறது, அவர் எண் என்ன, கழிப்பறை உண்டா என்பது எழுதியிருக்க வேண்டும். இந்த அட்டையை அலுவலக மேசையில் உட்கார்ந்து தயாரிக்கக் கூடாது. முதல்வரும் ஓட்டுநரும் ஒரு சனிக்கிழமை அதே வண்டியில் போய், இறங்கி நின்று பார்த்து, அந்தந்த ஊர்ப் பெரியவர்களிடம் "ஐயா, 92லயும் 2023லயும் இங்க தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?" என்று கேட்டு எழுத வேண்டும். 1992 நவம்பர் வெள்ளத்தை நினைவில் வைத்திருப்பவர்கள் கரையோர ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். சுவரில் நீர் நின்ற தடத்தைக் கையால் தொட்டுக் காட்டுவார்கள். எந்த வரைபடத்தையும் விட அந்தத் தடம் நம்பகமானது.

மாலை நேரம்தான் கடினமானது. மதியம் இரண்டு மணிக்கு எச்சரிக்கை சிவப்பாக மாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலான பள்ளிகள் பதறிப்போய் உடனே பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிடும். அது பல சமயம் தவறான முடிவு. வேலைக்குப் போன பெற்றோர் வீட்டில் இருக்க மாட்டார்கள். எல்லாப் பள்ளிகளும் ஒரே நேரத்தில் விட்டால் வண்ணார்பேட்டையும் சந்திப்பும் நெரிசலில் திணறும். மழை உச்சத்தில் இருக்கும்போது வண்டி பாதி வழியில் இருக்கும். கிராமத்து வழித்தடங்களில் தண்ணீர் ஏறவில்லை என்பது நேரில் பார்த்தவர் வாயிலாக உறுதியானால் மட்டும் அனுப்பலாம். உறுதியாகாவிட்டால், பள்ளி மேட்டில் இருந்தால், பிள்ளைகள் பள்ளியிலேயே இருக்கட்டும். இரவு தங்க நேர்ந்தாலும் சரி. அரிசியும் பருப்பும் கேஸ் சிலிண்டரும் பாய்களும் குடிநீரும் பள்ளியில் இருந்தால் அதில் பயப்பட ஒன்றுமில்லை. தேர்வு நடக்கிறதே என்ற கவலையும் வேண்டாம். 2023 டிசம்பரில் இந்த மாவட்டங்களின் அரையாண்டுத் தேர்வுகள் தள்ளிவைக்கப்பட்டன. அதனால் எந்தப் பிள்ளைக்கும் ஓராண்டு வீணாகவில்லை.

வழியில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது? தண்ணீரைக் கண்டதும், அது டயரைத் தொடும் முன்பே, நிறுத்த வேண்டும். முடிந்தால் பின்னால் திரும்பி அட்டையில் உள்ள முந்தைய கட்டடத்துக்குப் போக வேண்டும். பின்பக்கமும் தண்ணீர் ஏறிவிட்டால், இருக்கும் மேட்டில் வண்டியை நிறுத்தி, பிள்ளைகளை உட்கார வைத்து, உதவி கேட்க வேண்டும். ஓட்டுநரோ ஆயாவோ ஆழம் பார்க்கத் தண்ணீரில் இறங்கக் கூடாது. வண்டிக்குள் இருக்கும் பெரியவர்கள் இருவரில் ஒருவர் போனால் பிள்ளைகளுக்குப் பாதித் துணை போயிற்று. மீறி வண்டி தண்ணீரில் நின்றுவிட்டால், நீர் தேங்கியதாகவும் முழங்காலுக்குக் கீழாகவும் இருந்து, கரை பக்கத்தில் இருந்தால், உடனே இறங்க வேண்டும். தாமதித்தால் அந்த வாய்ப்புப் போய்விடும். வேகமாக இழுக்கும் வெள்ளமென்றால் இறங்கக் கூடாது. வண்டிக்குள்ளேயே உயரமான இருக்கைகளில் ஏறி நிற்க வேண்டும். உள்ளேயும் நீர் ஏறினால் கூரைதான் கடைசி இடம். எஞ்சின் அணைந்துவிட்டால் மறுபடி உயிர்ப்பிக்க முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம்.

காற்றும் மின்னலும் வேறு விதி கேட்கின்றன. இடி இடிக்கும்போது தகரக் கூரையும் தகர உடலும் உள்ள பேருந்து நல்ல பாதுகாப்பு. கதவு ஜன்னலை அடைத்து உள்ளே இருக்கலாம், உலோகக் கம்பிகளைத் தொடாமல் இருந்தால் போதும். மரத்தடியில் மட்டும் வண்டியை நிறுத்தக் கூடாது. பலத்த காற்றில் பழைய மரங்கள் நிறைந்த சாலை, விளம்பரப் பலகை, பெட்ரோல் பங்கின் கூரை, மின்மாற்றி ஆகியவற்றுக்கு அருகே நிற்கக் கூடாது. அறுந்த மின்கம்பி வண்டிமேல் விழுந்தால், தீப்பிடித்தாலன்றி யாரும் இறங்கக் கூடாது. மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987க்குச் சொல்லி மின்சாரத்தை நிறுத்தும்வரை காத்திருக்க வேண்டும். தீப்பிடித்துவிட்டால், வண்டியையும் தரையையும் ஒரே சமயத்தில் தொடாதபடி இரண்டு காலையும் சேர்த்துக் குதித்து, கால்களை அகட்டாமல் தத்தித் தத்தி விலக வேண்டும். இதைப் பிள்ளைகளுக்கு விளையாட்டாகவே சொல்லிக் கொடுத்துவிடலாம். மைதானத்தில் தத்தித் தாவச் சொன்னால் ஆசையாகச் செய்வார்கள்.

அவசர வழி எந்த வண்டியிலும் இருக்கும். அதைத் திறந்து பார்த்த பிள்ளைகள் எத்தனை பேர்? ஜூனில் ஒரு முறையும் வடகிழக்குப் பருவமழைக்கு முன் அக்டோபர் தொடக்கத்தில் ஒரு முறையும் இறங்கும் பயிற்சி நடத்த வேண்டும். புத்தகப் பையை விட்டுவிட்டு இறங்க வேண்டும். பின்கதவின் கீழே இரண்டு பெரிய மாணவர்கள் நின்று சின்னப் பிள்ளைகளைக் கைதாங்கி இறக்க வேண்டும். ஆயா கடைசியாக இருக்கைகளுக்கு அடியிலும் பார்த்துவிட்டு இறங்க வேண்டும். இறங்கியதும் பெயர் சொல்லி எண்ண வேண்டும். பத்தாம் வகுப்பு அண்ணனும் அக்காவும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொள்வது என்று ஜோடி பிரித்துவிட்டால் பாதிக் குழப்பம் குறையும். சக்கர நாற்காலியில் வரும் பிள்ளை, வலிப்பு நோய் உள்ள பிள்ளை, இன்ஹேலர் பயன்படுத்தும் பிள்ளை யார் எந்த வண்டியில் என்பது ஆயாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

2023 வெள்ளத்தில் பல ஊர்களில் கைப்பேசிச் சிக்னலும் மின்சாரமும் சேர்ந்தே போயின. வாட்ஸ்அப் குழுவை மட்டும் நம்பியிருந்தவர்கள் தகவலில்லாமல் தவித்தார்கள். அதனால் பிள்ளைகளின் பெயர், பெற்றோர் எண், அட்டையில் உள்ள கட்டடங்களின் எண் எல்லாம் காகிதத்திலும் இருக்க வேண்டும். வண்டியில் டார்ச், விசில், நீளமான கயிறு, குடிநீர்க் கேன், பிஸ்கட், கடலை மிட்டாய், சானிட்டரி நாப்கின், போர்வை, சார்ஜ் ஏற்றிய பவர் பேங்க் ஆகியவை ஒரு மூடிய பெட்டியில் இருக்கட்டும். ஸ்ரீவைகுண்டத்தில் பயணிகள் இரண்டு இரவுகள் கழித்தார்கள் என்பதை நினைத்து அந்தப் பெட்டியை நிரப்ப வேண்டும்.

பெற்றோருக்கும் ஒரு பங்கு உண்டு. வண்டி வரத் தாமதமானால் பைக்கை எடுத்துக்கொண்டு வெள்ளத்துக்குள் எதிரே போவது நடக்கக் கூடாது; பிள்ளை மேட்டில் பத்திரமாக இருக்கும்போது தகப்பன் தரைப்பாலத்தில் மாட்டிக்கொள்வார். ஓட்டுநரை அழைக்காமல் பள்ளியின் ஒரே எண்ணை அழைக்க வேண்டும்; அந்த எண்ணில் விடிய விடியப் பேச ஒருவர் இருக்கப் பள்ளி பொறுப்பேற்க வேண்டும். தாத்தா பாட்டி, பக்கத்து வீட்டு அக்கா என்று பிள்ளையைக் கூட்டிப்போக உரிமையுள்ள இருவரின் பெயரைத் தந்துவிட வேண்டும். வெள்ள நாளில் பிள்ளை பள்ளியிலோ வழியிலுள்ள கட்டடத்திலோ இரவு தங்கச் சம்மதம் என்று ஆண்டுத் தொடக்கத்திலேயே கையெழுத்திட்டுத் தந்தால், அந்த நேரத்தில் யாரும் யாரையும் கெஞ்ச வேண்டிய நிலை வராது.

அழைக்க வேண்டிய எண்கள்: மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, அவசர உதவி 112, ஆம்புலன்ஸ் 108. தமிழக அரசின் டிஎன்-அலர்ட் செயலி ஓட்டுநர், ஆயா, முதல்வர் மூவரின் கைப்பேசியிலும் இருக்க வேண்டும்.

வரும் அக்டோபர் பெற்றோர் கூட்டத்துக்குப் போகிறவர்கள் மதிப்பெண் அட்டையில் கையெழுத்துப் போடும் முன் பள்ளியிடம் இரண்டு தாள்களைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும்: தங்கள் பிள்ளை போகும் வண்டியின் வழித்தட அட்டை, ஓட்டுநருக்கு நிறுத்தும் அதிகாரம் தரும் கடிதம். இல்லை என்று பள்ளி சொன்னால், கூட்டம் முடிவதற்குள் அதற்கொரு தேதி குறிக்கச் சொல்லுங்கள்.